பரீட்சை மேல் சத்தியம் – 9: அடுத்தடுத்து ஆறு சொற்கள்

சென்ற வாரம் 1842, ஜூலை 4ஆம் தேதியில் நின்றோம். இடம், அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகம்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1840 நவம்பர் 12 இரவு, முகமூடி போட்டுக்கொண்டு துப்பாக்கி வெடித்துக் கலாட்டா செய்த மாணவர்களை அடக்க வெளியே வந்தார் சட்டப் பேராசிரியர் ஜான் டேவிஸ். ஒருவனுடைய முகமூடியைப் பிடித்து இழுக்கப் போனார். அவன் சுட்டுவிட்டான். இரண்டே நாளில் பேராசிரியர் இறந்துபோனார்.

அவருடைய இடத்துக்கு வந்தவர் ஹென்றி செயின்ட் ஜார்ஜ் டக்கர். அந்த ஜூலை 4 அன்று அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். இனிமேல் விடைத்தாளில் மாணவரே எழுதிக் கையெழுத்துப் போடட்டும்: இந்தத் தேர்வில் யாரிடமிருந்தும், எந்த வழியிலும் நான் உதவி பெறவில்லை, இது என் மானத்தின் மேல் ஆணை. அப்படி எழுதிக் கொடுத்தால் நாம் நம்புவோம்.

காவல் போய்ச் சத்தியம் வந்தது. அந்தச் சத்தியத்தைக் காக்கும் பொறுப்பையும் நாளடைவில் மாணவர்களே எடுத்துக்கொண்டார்கள். ‘ஹானர் கமிட்டி’ என்ற மாணவர் குழு பிறந்தது.

159 ஆண்டுகள் ஓடின. இந்த வாரம், அந்தச் சத்தியத்தை ஒரு கணினி நிரல் சோதித்துப் பார்த்த கதை.

*

ஒரு புகார்

2001ஆம் ஆண்டின் வசந்தகாலப் பருவம். சார்லட்ஸ்வில் நகரில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் லூயிஸ் புளூம்ஃபீல்டின் வகுப்புக்கு எப்போதும் நல்ல கூட்டம். ‘பொருள்கள் எப்படி இயங்குகின்றன’ என்பது பாடத்தின் பெயர். அறிவியல் பக்கமே தலைவைத்துப் படுக்காத மாணவர்களுக்காக அவர் வகுத்த பாடம் அது. மைக்ரோவேவ் அடுப்பு, சைக்கிள், ரோலர் கோஸ்டர் என்று கண்ணில் படும் பொருள்களை எடுத்துவைத்துக்கொண்டு இயற்பியலைச் சொல்லித் தருவார். அதே பெயரில் பாடநூலும் எழுதியிருக்கிறார்.

அந்த வகுப்பில் தேர்வோடு ஒரு கட்டுரையும் உண்டு. ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதன் பின்னால் உள்ள இயற்பியலை விளக்க வேண்டும். சுமார் 1,500 சொற்கள். கட்டுரையைத் தாளில் கொடுக்கத் தேவையில்லை, கணினி வழியாக அனுப்பினால் போதும்.

அன்றைக்கு அது வெறும் வசதி. தாள் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், அவ்வளவுதான்.

அந்தப் பருவத்தில் ஒரு மாணவர் பேராசிரியரிடம் வந்தார். மதிப்பெண் குறைந்த வருத்தம். வருத்தத்துக்குப் பின்னால் ஒரு கோபமும் இருந்தது. உட்கார்ந்து எழுதியவருக்கு இந்த மதிப்பெண், பழைய மாணவர்களின் கட்டுரையைத் தூசு தட்டித் தன் பெயரில் அனுப்பியவர்களுக்கு அதைவிட நல்ல மதிப்பெண். இது என்ன நியாயம்?

புளூம்ஃபீல்டுக்கு முன்னால் பல வழிகள் இருந்தன. ‘ஆதாரம் இருந்தால் கொண்டு வா’ என்று அனுப்பிவைத்திருக்கலாம். ‘இங்கே எல்லோரும் சத்தியம் செய்து கையெழுத்துப் போடுகிறவர்கள்’ என்று கையை விரித்திருக்கலாம். அடுத்த பருவத்திலிருந்து கட்டுரையையே எடுத்துவிட்டு இன்னொரு தேர்வு வைத்திருக்கலாம்.

அவர் கணினி முன்னால் போய் உட்கார்ந்தார்.

*

11 லட்சம் ஜோடிகள்

பருவத்துக்குப் பருவம் நூற்றுக்கணக்கில் கட்டுரைகள் வந்து குவியும் வகுப்பு அது. இன்று கையில் இருக்கும் கட்டுரையும் மூன்று பருவத்துக்கு முன்னால் வந்த ஒரு கட்டுரையும் ஒன்றா என்று நினைவில் வைத்துச் சொல்ல எந்த மனிதராலும் ஆகாது. பழைய கட்டுரையை அனுப்பியவர்கள் நம்பியிருந்ததும் அதைத்தான்.

ஆனால் கட்டுரைகள் கோப்புகளாக இருந்தன. ஐந்து பருவத்துக் கட்டுரைகள், 1,500க்கு மேல், அழியாமல் பேராசிரியரிடம் கிடந்தன. வசதிக்காகச் செய்த ஏற்பாடு இங்கேதான் சாட்சியாக மாறியது.

அவர் எழுதிய நிரலின் வேலை எளிமையானது. ஒரு கட்டுரையின் முதல் சொல்லிலிருந்து ஆறாவது சொல் வரை ஒரு துண்டு. இரண்டாவது சொல்லிலிருந்து ஏழாவது வரை அடுத்த துண்டு. இப்படியே கடைசிச் சொல் வரை நகர்ந்துகொண்டே போனால் 1,500 சொல் கட்டுரையில் 1,495 துண்டுகள் கிடைக்கும். அந்தத் துண்டுகள் மற்ற கட்டுரைகளில் அப்படியே, அதே வரிசையில் இருக்கின்றனவா என்று நிரல் தேடும்.

கட்டுரைகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்த்தால் 11 லட்சத்துக்கும் மேல் ஜோடிகள். மனிதர்கள் செய்தால் தலைமுறைக் கணக்கு. கணினிக்கு அது வெறும் பொறுமை.

ஏன் ஆறு சொல்? இரண்டு மூன்று சொற்கள் ஒத்துப்போவது சகஜம். ஒரே வகுப்பில் இருந்தவர்கள், ஒரே பாடநூலைப் படித்தவர்கள். ‘புவியீர்ப்பு விசையின் காரணமாக’ என்று எழுதாமல் ரோலர் கோஸ்டரைப் பற்றி எழுத முடியுமா? ஆறு சொல் ஒரே வரிசையில் விழுவது அவ்வளவு எளிதில் நடக்காது. ஒன்றிரண்டு இடத்தில் அப்படி விழுந்தாலும் தற்செயல் என்று விட்டுவிடலாம். நூறு துண்டுகள் விழுந்தால்? ஆயிரம் விழுந்தால்?

திரையில் ஜோடிகள் வர ஆரம்பித்தன. சிலவற்றில் சில பத்திகள் ஒன்றாக இருந்தன. சிலவற்றில் ஏறக்குறைய முழுக் கட்டுரையுமே ஒன்று.

பிறகு பேராசிரியர் இந்த நிரலை ‘காப்பிஃபைண்ட்’ என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று இலவசமாகவே இணையத்தில் வைத்தார். இன்று உலகெங்கும் கல்லூரிகள் காசு கொடுத்து வாங்கும் ‘டர்னிடின்’ போன்ற சேவைகள் 2001இல் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தன. கட்டுரையைக் கணினியே சோதிக்கும் என்ற எண்ணமே பெரும்பாலான மாணவர்களுக்கு இல்லை.

2001 ஏப்ரல், மே மாதங்களில் விஷயம் வெளியே வந்தபோது பத்திரிகைகள் அச்சிட்ட எண் 122. புளூம்ஃபீல்ட் ஹானர் கமிட்டியிடம் ஒப்படைத்த மாணவர்களின் எண்ணிக்கை அது. விசாரணை முடிவதற்குள் அது 158 ஆனது.

ஒரே வகுப்பு. ஒரே பேராசிரியர். 158 பேர்.

*

தண்டனை ஒன்றே ஒன்று

வேறு பல்கலைக்கழகமாக இருந்தால் அடுத்து என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். கட்டுரைக்குச் சுழியம். பாடத்தில் தோல்வி. ஒரு பருவம் இடைநீக்கம். அவரவர் செய்த தப்புக்குத் தக்கபடி கூட்டியோ குறைத்தோ ஒரு தண்டனை.

வர்ஜீனியாவில் அன்று அப்படிக் கூட்டிக் குறைக்க இடமே இருக்கவில்லை. பொய், திருட்டு, தேர்வில் மோசடி, இந்த மூன்றில் எதைச் செய்தது உறுதியானாலும் ஒரே தண்டனைதான். பல்கலைக்கழகத்தை விட்டு நிரந்தரமாக வெளியேற வேண்டியிருந்தது. முதல் முறையா, பத்தாவது முறையா என்ற கேள்வி எழவில்லை. முதலாமாண்டா, இறுதியாண்டா என்ற கேள்வியும் எழவில்லை.

இப்படி ஒரு விதி எங்கிருந்து வந்தது? விடை 1840களில் இருக்கிறது.

அன்றைக்கு அங்கே படித்தவர்கள் தெற்கு மாநிலங்களின் பெரிய வீட்டுப் பிள்ளைகள். தோட்டங்களும் அடிமைகளும் உடைய குடும்பங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தைக் கட்டியவர்களில் அடிமைகள் உண்டு, மாணவர்களுக்குத் தண்ணீர் சுமந்து பணிவிடை செய்தவர்களும் அடிமைகளே. அந்த உலகத்தில் மானம் என்பது கனவான்களுக்கு நடுவே மட்டும் செல்லுபடியாகும் ஒன்று. சொன்ன சொல்லை மீறியவன் கனவான் இல்லை. கனவான் இல்லாதவனுக்குக் கனவான்கள் நடுவில் என்ன வேலை?

அதாவது, திருத்துவதற்காக வந்த தண்டனை அல்ல இது. நம் ஊர்களில் ஒரு காலத்தில் ஒரு குடும்பத்தைத் தள்ளிவைப்பார்களே, அந்த ஊர் விலக்கு போன்றது. பாதி விலக்கு, முக்கால் விலக்கு என்று அதில் அளவு கிடையாது. உள்ளே இருக்கிறாய், அல்லது வெளியே.

2001இல் அந்த உலகம் போய்விட்டது. கறுப்பின மாணவர் ஒருவர் முதல்முதலாக 1950இல், அதுவும் நீதிமன்றத்தின் ஆணையோடு, அங்கே சட்டக் கல்லூரியில் நுழைந்தார். 1972இல் ஆண்களுக்குச் சமமாகப் பெண்களுக்கும் இளங்கலை வகுப்புகளின் கதவு திறந்தது. வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் மாறிவிட்டார்கள். தண்டனை மட்டும் மாறவில்லை.

அதே சமயம், அந்த விதியின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே சத்தியத்தின் பலத்தில் அங்கே மாணவர்கள் கண்காணிப்பாளர் இல்லாமல் தேர்வு எழுதினார்கள். வினாத்தாளை வாங்கிக்கொண்டு விடுதி அறைக்குப் போய் எழுதிவிட்டு வரலாம் என்று விடும் பேராசிரியர்கள் உண்டு. பையை எங்கே வேண்டுமானாலும் வைத்துவிட்டுப் போகலாம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். ‘வெளியேற்றம் என்ற ஒன்று தலைக்கு மேல் தொங்குவதால்தான் இந்தச் சுதந்திரம்’ என்பது அந்த விதியின் ஆதரவாளர்கள் பரம்பரை பரம்பரையாகச் சொல்லிவந்த வாதம்.

புளூம்ஃபீல்ட் 158 பெயர்களை ஒப்படைத்தபோது அவர் ஒப்படைத்தது 158 மதிப்பெண் தகராறுகளை அல்ல. 158 பேரின் படிப்பை.

*

ஜோடியில் யார் திருடர்?

விசாரிக்க வேண்டியவர்கள் யார்? மாணவர்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாட வேண்டியவர்கள்? மாணவர்கள். ஜூரியில் உட்காரப்போகிறவர்கள்? அவர்களும் மாணவர்கள்தான். பேராசிரியர் அங்கே வெறும் சாட்சி. பல்கலைக்கழகத் தலைவர்கூடத் தீர்ப்பில் தலையிடும் வழக்கம் இல்லை.

இருபது வயதுப் பிள்ளைகள், தங்கள் வகுப்பு, தங்கள் தேர்வு, தங்கள் வேலை தேடல் எல்லாவற்றுக்கும் நடுவே நடத்தும் நீதிமன்றம் அது. அதன் வாசலில் ஒரே நேரத்தில் இத்தனை வழக்குகள் வந்து விழுந்ததில்லை.

முதல் சிக்கல் நிரலிலேயே இருந்தது. இரண்டு கட்டுரைகள் ஒன்றாக இருக்கின்றன என்று அது சொல்லும். யாரிடமிருந்து யார் எடுத்தார் என்று சொல்லாது.

ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 1999இல் அனுப்பியது, இன்னொருவர் 2001இல் அனுப்பியது. முதலில் எழுதியவர் யார் என்பதில் பிரச்சினை இல்லை, தேதி சொல்லிவிடும். ஆனால் அவருடைய கட்டுரை இரண்டாமவர் கைக்கு எப்படிப் போனது? ‘எப்படி எழுதணும்னு பார்த்துக்கோ’ என்று மாதிரிக்குக் கொடுத்தாரா? ‘அப்படியே அனுப்பிடு’ என்று தெரிந்தே கொடுத்தாரா? அறையில் திறந்து கிடந்த கணினியிலிருந்து அவருக்குத் தெரியாமலே எடுக்கப்பட்டதா?

மூன்றுக்கும் திரையில் ஒரே தடயம்தான். ஆனால் ஒன்றில் அவர் அப்பாவி, ஒன்றில் ஏமாந்தவர், ஒன்றில் கூட்டாளி. கூட்டாளி என்று முடிவானால் அவரும் வெளியேற வேண்டியவர்.

இரண்டு கட்டுரையும் ஒரே பருவத்தில் வந்திருந்தால் தேதியும் உதவாது. இருவரும் சேர்ந்து மூன்றாவது ஒருவரின் பழைய கட்டுரையிலிருந்து எடுத்திருந்தால், அந்த மூன்றாமவர் கோப்புகளிலேயே இல்லாமல் போயிருந்தால், கதை இன்னும் சிக்கல்.

இதனால்தான் ஹானர் கமிட்டியின் விதிகள் மூன்று கேள்விகளை வரிசையாக நிறுத்துகின்றன. செயல் நடந்ததா? தெரிந்தே செய்தாரா? அதைக் கண்டும் காணாமல் விட்டால் இந்தச் சமூகத்தின் நம்பிக்கைக்குக் கேடு வருமா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்று வந்தால்தான் குற்றவாளி. ஆறு சொல் நிரல் முதல் கேள்விக்கு மட்டும் பதில் வைத்திருந்தது. மற்ற இரண்டுக்கும் மனிதர்கள் மனிதர்களின் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

*

மூடிய கதவு

அந்த அமைப்பில் ஒரே ஒரு மன்னிப்பு வழி இருந்தது. தப்பு செய்தவர், தன் மேல் சந்தேகம் எழுவதற்கு முன்பே தானாக வந்து ஒப்புக்கொண்டால் தப்பலாம். சந்தேகம் எழுந்துவிட்டது என்று தெரிந்த பின் வந்து ஒப்புக்கொண்டால் அந்தச் சலுகை கிடையாது.

பேராசிரியர் கோப்புகளை நிரலுக்குள் போட்டு எடுத்த பிறகு, பட்டியலில் இருந்தவர்களுக்கு அந்தக் கதவு அடைபட்டுவிட்டது.

இனி என்ன வழி? குற்றத்தை ஒப்புக்கொண்டு தாமே வெளியேறலாம். அல்லது மறுத்து, ஜூரி முன் நிற்கலாம். உண்மையைச் சொன்னவருக்கும் வெளியேற்றம். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவருக்கும் வெளியேற்றம். பொய் சொல்லி மாட்டாதவருக்குப் பட்டம்.

நேர்மையைக் காக்க எழுந்த ஓர் அமைப்பு, நேர்மையாக ஒப்புக்கொள்வதற்கு எந்த லாபமும் வைக்கவில்லை. 1842இல் யாரும் இதை யோசித்திருக்க மாட்டார்கள். ஒரு நேரத்தில் ஒரு வழக்கு என்று வந்துகொண்டிருந்தவரை இது பெரிதாகக் கண்ணில் படவும் இல்லை. 158 வழக்குகள் சேர்ந்து வந்தபோதுதான் வெட்டவெளிச்சமாயிற்று.

ஜூரி பக்கத்துச் சங்கடம் இன்னொன்று. எதிரே உட்கார்ந்திருப்பவர் இரண்டு பத்தியைத் திருடியவர் என்று வைத்துக்கொள்வோம். தப்பு தப்புதான். ஆனால் அதற்கு நான்கு ஆண்டுப் படிப்பையும் பறிக்க வேண்டுமா? சின்னத் தண்டனை என்று ஒன்று இருந்தால் ‘குற்றவாளி’ என்று சொல்ல நாக்கு கூசாது. இல்லாதபோது, ‘இது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை’ என்ற மூன்றாவது கேள்வியின் நிழலில் ஒதுங்கத் தோன்றும்.

பேராசிரியர்களுக்கும் இதே கூச்சம்தான். ஒரு மாணவர் காப்பி அடித்ததைக் கண்டவர், கமிட்டிக்குப் போய் ஒரு வாழ்க்கையைக் குலைப்பானேன் என்று தானே மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு வாயை மூடிக்கொள்வது எளிது. பக்கத்து மேஜை மாணவருக்கோ, நண்பனைக் காட்டிக்கொடுப்பது அதைவிடக் கடினம். தண்டனை எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குக் கண்டும் காணாதவர்களும் பெருகுவார்கள். பழைய கட்டுரைகள் ஐந்து பருவமாகக் கைமாறிக்கொண்டிருந்தும், அதைத் தெரிந்தவர்கள் வகுப்பில் எத்தனையோ பேர் இருந்திருந்தும், வாய் திறந்து வந்தது ஒருவர்.

*

கணக்கு முடிந்தபோது

விசாரணை அந்தக் கோடையில் முடியவில்லை. மறு ஆண்டிலும் ஓடியது. இடையில் பலர் பட்டம் வாங்கிப் போயிருந்தார்கள், அவர்களையும் வழக்கு விடவில்லை.

2002ஆம் ஆண்டின் இறுதியில் கடைசிக் கணக்கு வந்தது. பட்டியலில் 158 பேர். அவர்களில் பல்கலைக்கழகத்தை இழந்தவர்கள் 48 பேர். சிலரை ஜூரி குற்றவாளி என்றது. சிலர் விசாரணைக்கு நிற்காமலே ஒப்புக்கொண்டு போனார்கள். ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்த சிலரின் பட்டமும் பறிபோனது.

மீதி 110 பேர் தப்பினார்கள். அவர்களில் கணிசமானவர்கள் உண்மையிலேயே அப்பாவிகள். தாங்களே எழுதி, தங்கள் கட்டுரை களவு போனது தெரியாமல் இருந்தவர்கள். மற்றவர்களில் ஆதாரம் போதாமல் தப்பியவர் யார், ஜூரியின் இரக்கத்தால் தப்பியவர் யார் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அந்த விசாரணைகள் மூடிய அறைக்குள் நடந்தவை.

பார்த்தவர்கள் இரண்டு விதமாகப் பேசினார்கள். ‘மாணவர்களே நடத்தும் நீதிமன்றம் 48 சக மாணவர்களை வெளியேற்றும் அளவுக்கு உறுதியாக நின்றது, அமைப்பு வேலை செய்கிறது’ என்றார்கள் ஒரு சாரார். ‘நம்பிக்கையின் மேல் நடக்கிறது என்று பெருமை பேசிய இடத்தில் ஒரே வகுப்பில் இவ்வளவு பேர் மாட்டியிருக்கிறார்கள், மற்ற வகுப்புகளில் யார் நிரல் எழுதிப் பார்த்தார்கள்?’ என்றார்கள் மற்றவர்கள்.

இரண்டும் உண்மைதான். ஆனால் இரு சாராரும் தொடாத கேள்வி ஒன்று உண்டு. டக்கரின் ஒப்பந்தத்தில் இரண்டு தரப்பு இருந்தது. மாணவர் சத்தியம் செய்வார், ஆசிரியர் நம்புவார். ஒவ்வொரு கட்டுரையையும் நிரலுக்குள் போட்டுச் சலித்த பிறகே மதிப்பெண் என்றால் ஆசிரியர் தன் பங்கிலிருந்து விலகிவிட்டார் என்றுதான் அர்த்தம். அப்படியானால் விடைத்தாளின் அடியில் இருக்கும் அந்தக் கையெழுத்து எதற்கு?

காவலும் சத்தியமும் ஒரே அறையில் குடியிருக்க முடியும் என்றுதான் வர்ஜீனியா முடிவு செய்தது. சத்தியம் தொடர்ந்தது, ஒரே தண்டனையும் தொடர்ந்தது. ஆனால் அந்தத் தண்டனை சரிதானா என்ற பேச்சை அதன் பிறகு அடக்க முடியவில்லை.

அந்த விதியை மாற்றும் அதிகாரம் நிர்வாகத்திடம் இல்லை, பேராசிரியர்களிடமும் இல்லை. மாணவர்கள் ஓட்டுப்போட்டுத்தான் மாற்ற முடியும். அந்த ஓட்டு வந்தது. ஒரு முறை அல்ல, பல முறை வந்தது.

நாளைக்கே அந்தத் தண்டனையின் கீழ் நிற்கக்கூடியவர்கள்தான் அந்த வாக்காளர்கள். சுயநலம் மட்டும் பார்த்தால் முதல் ஓட்டிலேயே விதி விழுந்திருக்க வேண்டும். விழுந்ததா? விழவில்லை என்றால், தங்களையே வெளியேற்றக்கூடிய ஒரு விதியைக் கட்டிக் காப்பாற்ற அந்தப் பிள்ளைகளை எது தூண்டியது?

(அடுத்த வாரம்)